எங்கள் வாசல் மரமும் ஓர் ஆட்சேபணையும்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் கொஞ்சம் திணறித்தான் பதில் சொல்வேன். மைசூரின் மரங்கள், ஏரிகள், ஏறிக்கொண்டே போகும் வெயில், இவற்றை ஆராய்கிற ஒரு சிறிய அமைப்பில் இருக்கிறேன். ஆனால் நான் ஆராய்ச்சியாளர் இல்லை. அவர்கள் கண்டுபிடிப்பதைத் தெருவில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வதுதான் என் வேலை. கன்னடத்தில் சொல்வேன், தமிழ் வீடுகளில் தமிழில் சொல்வேன், பிள்ளைகளிடம் இரண்டோடு ஆங்கிலத்தையும் கலந்தடித்துச் சொல்வேன். "வாயால சொல்றதுக்கு ஒரு சம்பளம்!" என்று அப்பா கிண்டல் செய்வார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர் அவர். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சமுதாய பவனத்தில் சனிக்கிழமைகளில் கூட்டம் போடுவேன். வேறு பகுதிகளிலும் எனக்கு வேலை உண்டு. ஆனால் சொந்தத் தெருவில் நடக்காததை ஊருக்குப் போய்ச் சொல்லக் கூச்சமாக இருக்கும். கோடைக் காலத்தில் மதியமே எல்லோரையும் வரச் சொல்லி, இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் வெண்ணெய் உருண்டை வைத்து, ஒன்றை நடு ரோட்டிலும் மற்றதை மரத்தடியிலும் வைக்கச் சொல்வேன். ரோட்டுத் தட்டில் வெண்ணெய் உருகித் தண்ணீராக ஓடும். மரத்தடித் தட்டில் உருண்டை உருண்டையாகவே இருக்கும். தெர்மாமீட்டரைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடுகிற பெண்கள், அந்தத் தட்டைத் தொட்டுப் பார்த்ததும் வாயைப் பிளப்பார்கள். மரத்தடி வெண்ணெயைக் கடைசியில் அப்பா ரொட்டியில் தடவித் தின்றுவிடுவார்.

வெண்ணெய்க்கு அடுத்தபடியாக நான் கற்றுக்கொடுத்தது ஆட்சேபணை மனு. யாராவது ஒரு மரத்தை வெட்ட அனுமதி கேட்டால் அந்த மரத்திலேயே நோட்டீஸ் ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் யாராவது ஆட்சேபித்து எழுதிக் கொடுத்தால் வனத்துறை அதிகாரி நேரில் வந்து விசாரிக்க வேண்டும். யாரும் எழுதாவிட்டால் மரம் போய்விடும். முதலில் எங்கள் தெருவில் ஒருவரும் எழுதமாட்டார்கள். 'நமக்கு எதுக்கு வம்பு' என்று நோட்டீஸைத் தாண்டிப் பால் வாங்கப் போய்விடுவார்கள். அதனால் நானே கன்னடத்தில் ஒரு மாதிரி மனு தயாரித்தேன். நான்கு பத்திகள், பத்திக்கு ஓர் எண். மரத்தின் வகை, அது தரும் நிழல், விண்ணப்பதாரர் சொல்லும் காரணம், அந்தக் காரணத்துக்கு நம் பதில்.

காரணம் என்ற மூன்றாம் பத்திக்காகவே தனியாக ஒரு நாடகம் நடத்துவேன். ஒருவர் மரம் வெட்டக் கேட்பவர், மற்றவர்கள் தெருக்காரர்கள். வெட்டக் கேட்பவராக நடிப்பதில் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. ஒர்க்‌ஷாப்பில் யூனியன்காரர், மேடைக்கு அஞ்சாதவர். முதலில் இலை குப்பை என்பார், பிறகு பாம்பு என்பார், கார் நிறுத்த இடமில்லை என்பார். எதுவும் செல்லாமல் போனதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, இந்த மரத்தால எனக்கு மூச்சே விட முடியலியே!" என்று விழி பிதுங்க இருமுவார். ஹாலே சிரிக்கும். "டாக்டர் சீட்டு எங்கே சார்?" என்று பெண்கள் ஒரே குரலில் கேட்பார்கள். நான்தான் அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

எங்கள் வாசலில் நிற்பது ஏழிலைப்பாலை. வேலைக்குச் சேர்ந்த வருடம் நானே நட்டது. குழி தோண்டியவர் அப்பா. சீக்கிரம் வளரும், ஆடு மாடு வாய் வைக்காது, வருடம் முழுக்க நிழல் தரும் என்று அந்த நாளில் எல்லோரும் அதைத்தான் நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் மற்றவை எல்லாம் அதற்கு முன்பே வைத்த புங்கையும் வேம்பும். இந்த வகையில் இது ஒன்றுதான். மாடி உயரம் தாண்டியதும் எங்கள் அமைப்பின் ஆராய்ச்சியாளர் ஒருவர் அதன் கிளையில் பொத்தான் அளவு தெர்மாமீட்டர் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து கணக்கெடுத்துக்கொண்டு போவார். அதன் பூவைப் பற்றி நான் யாரிடமும் கேட்டதில்லை. யாரும் சொன்னதும் இல்லை.

தசராவுக்கு ஊரெல்லாம் விளக்குப் போடும் நாட்களில்தான் அது பூக்கும். வெளிர்ப்பச்சைக் கொத்துகள். பகலில் ஒன்றும் தெரியாது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வாசனை இறங்கும். முதலில் இனிப்பு, பிறகு தலைவலி. ஆறு வருடங்களுக்கு முன் அந்த நேரத்தில் அப்பாவுக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. சளி என்று நினைத்தோம். அடுத்த வருடமும் அதே நாட்களில் வந்தபோது, உட்கார்ந்தபடியே இரண்டு தோளும் ஏறி இறங்க மூச்சுக்கு அல்லாடினார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தோம். மருந்தைவிட அதிகமாகக் கேள்விகளைத்தான் டாக்டர் கேட்டார். கடைசியாக, "வீட்டு முன்னால என்ன மரம்?" என்றார். நான் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. ஒன்று, பூக்கும் காலத்தில் இவர் அங்கே இருக்கக்கூடாது. அல்லது மரம் இருக்கக்கூடாது. இப்படியே விட்டால் ஒவ்வொரு வருடமும் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும் என்றார்.

அடுத்த வருடம் அவரைக் குண்டலுபேட்டையில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிட்டார். "நான் என்ன கொல பண்ணிட்டா ஓடிப் போயிருக்கேன், தலமறைவா இருக்கறதுக்கு?" என்றார். பூப்பதற்கு முன் கிளைகளைக் கழித்துப் பார்த்தோம். மரம் அதற்குப் பழிவாங்குவது போல இன்னும் அடர்த்தியாகத் துளிர்த்துப் பூத்தது. மிஞ்சியது பின்னறை. ஜன்னல் இடுக்குகளில் பார்சல் ஒட்டும் பழுப்பு டேப், கதவுக்கு அடியில் ஈரத் துண்டு, உள்ளே அப்பாவும் டிவியும் நெபுலைசரும். மாலை ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினால் காலை வெயில் வந்த பிறகுதான் திறப்பேன். ஊர் விளக்கு பார்க்கப் போகும் நாட்களில் அவர் விளம்பரம் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மாதங்களுக்கு மேல் இப்படியே போகும். அந்தக் கதவைச் சாத்தும்போது என்னை நானே ஜெயில் வார்டன் என்று திட்டிக்கொள்வேன்.

மரத்தை வெட்டிவிட்டு வேறு நட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். எனக்கு முதல் நாளே தோன்றியது. ஆனால் நான் எந்த வாயால் கேட்பேன்? 'மூச்சுத் திணறல்' என்பது என் நாடகத்தில் கடைசியாக வரும் பொய்ச் சாக்கு. தெருவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறது. ஆராய்ச்சியாளரிடம் பேசிப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, இப்போது வீட்டு வாசல்களுக்கு இந்த மரத்தை நாங்களே பரிந்துரைப்பதில்லை என்றார். அடுத்த மூச்சில், ஆனாலும் இத்தனை வருடமாக இடைவிடாமல் கணக்கு உள்ள மரம் இதுதான் என்றார். இரண்டும் உண்மை. எனக்கு அழுகையாக வந்தது.

போன ஆண்டு, பூப்பதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அப்பாவிடம் சொல்லாமல் விண்ணப்பம் எழுதிப் போட்டேன். டாக்டர் சீட்டையும் வைத்தேன். ஒரு காலையில் ஆள் வந்து எங்கள் மரத்தில் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனான். பால் வாங்கப் போகும்போது அதைப் பார்க்காமல் போக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தெருவே திரண்டு வரும் என்று நினைத்தேன். பதில்கள்கூடத் தயாராக வைத்திருந்தேன். ஒரு நாள் போனது, ஒரு வாரம் போனது, ஒருவரும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரி கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்தவள், கூட்டங்களில் முதல் வரிசை. அவளைப் பிடித்து நானே பேச்சை ஆரம்பித்தேன்.

"நோட்டீஸ் பாத்தியா?"

"பாத்தனுங்க அக்கா."

"ஒண்ணும் கேக்கலியே?"

"நீங்களே வெட்டணும்னு கேக்கறீங்கன்னா சரியாத்தான் இருக்குமுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அவள் அன்பாகத்தான் சொன்னாள். இத்தனை வருடமாக நான் கற்றுக்கொடுத்தது மரத்தைப் பற்றி அல்ல, என்னைப் பற்றித்தான் என்று அந்த நிமிடம் தெரிந்தது. காரணத்தைக் கேள் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். போதாததற்கு முனை வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்தி என்னைப் பாராட்டினார். "நல்லதாச்சு மேடம். என் வாசல் புங்கையும் கார் நிறுத்த ரொம்ப எடஞ்சல். உங்களது முடியட்டும், ஆமேல நானும் வெட்டறதுக்கு ஒரு அர்ஜி போடறேன்." அவர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

கெடு முடிந்த மறுநாள் வனத்துறை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஒரே ஒரு ஆட்சேபணை வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார் அதிகாரி. குரலில் ஏதோ தயக்கம் இருந்தது. போனேன். கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். முழுத்தாள், நான்கு பத்திகள், பத்திக்கு ஓர் எண், என் மாதிரி மனு வரிக்கு வரி. கையெழுத்து அப்பாவுடையது. மூன்றாம் பத்தியில் மட்டும் என் மாதிரியில் இல்லாத ஒரு வரி இருந்தது. 'விண்ணப்பத்தில் சொல்லப்படும் நோயாளி நான்தான். என்னை யாரும் கேட்கவில்லை.'

ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம், ஆனால் அது பொய்யாகிவிடும். என் பெயர் கெடாது, மரம் நிற்கும், முனை வீட்டுக்காரர் வாயை மூடுவார் என்று மனம் கணக்குப் போட்டது. அந்த ஒரு கணத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"நீ யாரக் கேட்டு எழுதின? வியாதி என்னுது."

"உங்களுக்காகத்தானே செஞ்சேன்?"

"ஒர்க்‌ஷாப்புல மேனேஜர் இதயேதான் சொல்வான். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்னு." அப்பா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அந்த ஹால்ல இருமிக் காட்டி ஊரையே சிரிக்க வச்சவன் நான். இப்ப அதே இருமலக் காட்டி மரத்த வெட்டுனா, தெருவுல நான் தல காட்ட வேணாமா?"

"மூச்சு நின்னுபோச்சுன்னா எந்தத் தலையக் காட்டுவீங்க?"

சொல்லியிருக்கக்கூடாது. "சும்னெ இரு," என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அப்பா டிவியைப் போட்டார்.

அப்பாவிடம் பெரிய தத்துவம் ஏதும் இல்லை, பிடிவாதம்தான். யூனியனில் எல்லோரும் ஒரு பக்கம் கையைத் தூக்கினால் இவர் மறுபக்கம் தூக்குவார் என்று அம்மா சொல்வாள். அவரைப் பெருமையாக நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. கோபம்தான் வந்தது.

விசாரணைக்கு அதிகாரி ஒரு காலை நேரத்தில் வந்தார். அப்பா குல்லாயும் மஃப்ளருமாக மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெரு மொத்தமும் கூடிவிட்டது. அதிகாரி நல்ல மனிதர். குனிந்து, "யஜமானரே, கஷ்டப்படுறது நீங்க. டாக்டரும் எழுதியிருக்கார். ஆட்சேபணைய வாபஸ் வாங்கிட்டா இன்னைக்கே உத்தரவு போட்டுடறேன்," என்றார். அப்பா, "கஷ்டம் எனக்குத்தான் சார். அதனாலதான் நான் எழுதினேன். வேற யாரும் எழுதலியே," என்றார். பூவே இல்லாத மாதம், ஆனாலும் பாதி வாக்கியத்தில் இருமல் வந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் முன்னால் போய், விண்ணப்பதாரர் நான், என் காரணம் உண்மை என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதிகாரி தலையாட்டிவிட்டு, நோயாளியே வேண்டாம் என்னும்போது மருத்துவக் காரணத்தை ஏற்க வழியில்லை என்று எழுதி, விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார். யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஒவ்வொருவரையும் அறையலாம் போல இருந்தது எனக்கு.

அந்த ஆண்டு தசராவுக்கு மரம் எப்போதும் போலப் பூத்தது. பார்சல் டேப் வாங்கி வந்தேன். இடுக்குகளை ஒட்டி, துண்டை நனைத்துப் போட்டு, ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினேன். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. மாத்திரை போட்டாச்சா, போட்டாச்சு, சாப்பாடு போதுமா, போதும். முன்னறையில் உட்கார்ந்து கூட்டத்துக்குப் படங்கள் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் இழுப்புச் சத்தம் கேட்கும். அது கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம்.

பூ உச்சத்தில் இருந்த ஒரு மாலை எதிர்வீட்டுக்காரி வந்தாள். பின்னால் நாலைந்து பெண்கள். வாசனை உள்ளே வந்துவிடும் என்று அவர்களை அவசரமாக இழுத்து முன்கதவைச் சாத்தினேன். முனை வீட்டுப் புங்கையில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களாம். அவள் ஒரு கட்டுத் தாளை நீட்டினாள். எல்லாம் ஆட்சேபணை மனு, கையால் எழுதியவை. நான் சொல்லாமல், என்னைக் கேட்காமல், முதல்முறையாக அவர்களாகவே உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். சரிபார்க்கச் சொன்னார்கள்.

படித்தேன். நிழலைப் பற்றி நன்றாக எழுதியிருந்தார்கள். ஒருத்தி வெண்ணெயையும் சேர்த்திருந்தாள். நான்காம் பத்திக்கு வந்தேன். எல்லாத் தாளிலும் ஒரே கருத்து, ஆளுக்கு ஒரு விதமாக. 'எங்கள் தெருவில் மூச்சுத் திணறல் உள்ள பெரியவர் ஒருவர், தன் உயிருக்கே கேடு என்று தெரிந்தும் தன் வாசல் மரத்தை வெட்ட விடவில்லை. கார் நிறுத்துவதற்காக நாங்கள் எப்படி விடுவோம்?'

இதைவிட நல்ல பதிலை நான் எந்தத் தெருவிலும் படித்ததில்லை. இனி எங்கள் வாசல் மரத்தை நான் ஒருநாளும் தொட முடியாது என்பதும் அதே வரியில் எழுதியிருந்தது. தவறு ஏதும் இல்லை, கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன்.

"இதுல ஐயாவோட கையெழுத்து மொதல்ல இருந்தா நல்லா இருக்குமுங்க அக்கா," என்றாள் எதிர்வீட்டுக்காரி, எல்லோருக்கும் பொதுவாக எழுதிய கடைசித் தாளை எடுத்து நீட்டி.

துண்டை ஒதுக்கி, கதவைக் கொஞ்சமாகத் திறந்து நுழைந்து, உடனே சாத்தினேன். அப்பா கட்டிலில் சாய்ந்து, முகத்தில் நெபுலைசர் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். மெல்ல விஷயத்தைச் சொன்னேன். கண்ணைத் திறந்தார். முகமூடியைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அதற்குள்ளேயே உதடு நீலம் பூத்துவிட்டது. கையெழுத்து போடாதீங்கப்பா, மாட்டிக்கோங்க, படுங்க என்றுதான் சொல்ல வந்தேன். அவர் கையை நீட்டினார். நான் பேனாவைத் திறந்து கொடுத்தேன்.